இயற்கை முதலும் பேரு நாட்டின் பறவையெருவும்

ஒரு நாட்டின் செல்வம் யாது என்னும் வினாவிற்குப் பொருளியலாளர் காலந்தோறும் வெவ்வேறு விடை கூறி வந்துள்ளனர். பொன்னும் வெள்ளியுமே செல்வம் என்றனர் ஒரு சாரார். நிலமே செல்வத்தின் ஊற்று என்றனர் வேறொரு சாரார். மனித உழைப்பே பொருளுக்குப் பெறுமதியை அளிக்கின்றது என்றனர் பிறிதொரு சாரார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவற்றோடு இன்னொரு கருத்தும் வலுப்பெறலாயிற்று. காடும் கடலும், மண்ணும் நீரும், அவற்றில் வாழும் பல்வகை உயிர்களும் ஒரு முதற்பொருள் போன்றன. அவை ஆண்டுதோறும் தரும் விளைவு அம்முதற்பொருளின் வட்டி போன்றது. வட்டியை உண்டு வாழ்பவன் நெடுங்காலம் வாழ்வான். முதலிற் கைவைப்பவன் விரைவில் வறியவனாவான் என்பதே அக்கருத்து. சூமாக்கர் என்னும் பொருளியலறிஞர் 1973 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சிறியதே அழகு' என்னும் நூலில், இக்காலக் கைத்தொழில் முறை இயற்கை முதற்பொருளை வருமானமெனப் பிழைபடக் கணக்கிட்டுச் செலவிடுகின்றது என்று எச்சரித்தார். பிரித்தானியத் திறைசேரியின் வேண்டுகோளின்படி பேராசிரியர் பார்த்தா தாஸ்குப்தா ஆக்கிய உயிர்ப்பல்வகைமையின் பொருளியல் பற்றிய அறிக்கையும் 2021 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இக்கருத்தோடு இணைந்தது சுழற்சிப் பொருளாதாரம் என்னும் பிறிதொரு கருத்து. எடுத்தல், ஆக்குதல், எறிதல் என்னும் ஒருவழிப் பாதையை விடுத்து, எடுத்தது எடுத்த இடத்திற்கோ, பயன்படும் பிறிதோரிடத்திற்கோ மீளுமாறு தொழில்களை அமைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விரு கருத்துக்களும் புதியனவாகத் தோன்றினும், அவை குறிக்கும் உண்மைகள் பழையன. அவற்றை விளக்குதற்குத் தென்னமெரிக்காவிலுள்ள பேரு நாட்டின் பறவையெரு வரலாற்றினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. வட்டியை உண்டு வாழ்ந்த காலமும், முதற்பொருளை விற்றுண்ட காலமும், இழந்ததை மீட்க முயன்ற காலமும், மீட்டதை மீண்டும் இழந்த காலமும் அவ்வொரு நாட்டின் கரையோரத்திலேயே அடுத்தடுத்து நிகழ்ந்துள்ளன.

பேரு நாட்டின் மேற்குக் கரையை அடுத்துக் குளிர்ந்த கடல் நீரோட்டமொன்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்கின்றது. ஹம்போல்ட் நீரோட்டம் என்பது அதன் பெயர். அங்கே ஆழ்கடலின் குளிர்நீர் மேலெழுந்து வரும்போது, அடியிலே தங்கியிருந்த உரச்சத்துக்களையும் உடன்கொண்டு வருகின்றது. அச்சத்துக்களைக் கொண்டு பிளாந்தன் எனப்படும் நுண்ணிய மிதவையுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு நெத்தலியினத்தைச் சார்ந்த சிறுமீன்கள் அளவின்றிப் பெருகுகின்றன. அம்மீன்களை உண்டு நீர்க்காக இனத்ததாகிய குவானாய், பிக்கேரோ, கூழைக்கடா ஆகிய கடற்பறவைகள் இலட்சக் கணக்கில் வாழ்கின்றன. இப்பறவைகள் கரையை அடுத்த பாறைத் தீவுகளிற் கூட்டங்கூட்டமாகத் தங்கிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் அத்தீவுகளிற் படிகின்றது. பிற நாடுகளில் மழை பெய்து இத்தகைய எச்சத்தின் சத்தைக் கரைத்துவிடும். பேருவின் கரையிலோ மழை என்பது பெரும்பாலும் இல்லை. ஆதலின் நைதரசனும் பொசுபேற்றும் கரையாது உலர்ந்து, ஆயிரக் கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து வந்தன. பிஸ்கோ நகருக்கு அப்பாலுள்ள சிஞ்சாத் தீவுகளில் இப்படிவு சிற்சில இடங்களில் 150 அடிக்கு மேற்பட்ட உயரமுடையதாய் இருந்தது.

எருவைக் குறிக்கும் கெச்சுவா மொழிச் சொல்லின் திரிபே குவானோ என்பது. இன்கா அரசர் காலத்திற்கு முன்னரே கரையோர மக்கள் இவ்வெருவைப் பயன்படுத்தினர். இன்கா அரசின் ஆட்சிமுறையிற் பறவைத் தீவுகள் பெற்ற இடத்தைக் கார்சிலாசோ தே லா வேகா என்பார் 1609 ஆம் ஆண்டில் வெளியான தமது வரலாற்று நூலிற் கூறியுள்ளார். தாய்வழியில் இன்கா மரபினராகிய அவர் கூறுமாறு, குஞ்சு பொரிக்கும் காலத்தில் அத்தீவுகளில் இறங்குதல் மரண தண்டனைக்குரிய குற்றமாகும். எக்காலத்திலும், எவ்விடத்திலும், அப்பறவைகளைக் கொல்லுதலும் அத்தகைய குற்றமே. ஒவ்வொரு தீவும் ஒவ்வொரு மாகாணத்திற்கு உரியதென வரையறுக்கப்பட்டது. பெரிய தீவாயின் எல்லைக் கற்கள் நாட்டிப் பங்கிடப்பட்டது. ஒவ்வோர் உழவனும் தன் நிலத்திற்கு வேண்டிய அளவே எடுத்தான். இன்காக்களின் ஆட்சி கடுமையானது என்பதும், கார்சிலாசோ தம் முன்னோரைச் சிறிது உயர்த்திக் கூறும் இயல்பினர் என்பதும் உண்மையே. எனினும் இவ்வேற்பாட்டின் உட்பொருள் தெளிவானது. பறவை முதற்பொருள், எச்சம் வட்டி என்னும் வேறுபாட்டை அவ்வரசு அறிந்திருந்தது. எடுத்த எரு அந்நாட்டு நிலத்திற்கே சென்றது. நிலத்தின் விளைவை அந்நாட்டு மக்களே உண்டனர்.

இசுப்பானியர் பேருவைக் கைப்பற்றிய பின்னர் அவர்தம் நாட்டம் பொன்னிலும் வெள்ளியிலுமே சென்றது. குவானோ கரையோர உழவரின் எருவாக மட்டும் மூன்று நூற்றாண்டுக் காலம் இருந்து வந்தது. 1802 ஆம் ஆண்டிற் பேருவுக்குச் சென்ற செருமானிய அறிஞர் அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட் இதன் மாதிரியைச் சேகரித்து ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றார். பாரிஸ் நகரிற் பூர்க்குருவா, வோக்லன் என்னும் இரசாயன அறிஞர் இருவர் அதனைப் பகுத்து ஆராய்ந்தனர். ஆயினும் ஐரோப்பிய உழவர் அதனை விரும்பி வாங்கும் நிலை உடனே உண்டாகவில்லை. 1840 ஆம் ஆண்டில் யூஸ்துஸ் வொன் லீபிக் பயிர்த்தொழில் இரசாயனம் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் கனியுப்புக்கள் மண்ணுக்கு மீள அளிக்கப்படல் வேண்டும் என அவர் நிறுவினார். பேருவின் குவானோ ஏற்றுமதி தொடங்கியதும் ஏறத்தாழ அக்காலத்திலேயே ஆகும். சிறந்த சிஞ்சாக் குவானோவில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் நைதரசன் இருந்தது; தொழுவெருவிலோ நூற்றுக்கு 1 பங்குதானும் இல்லை.

இதன் பின்னர் நிகழ்ந்தது உலக வாணிக வரலாற்றில் ஒரு புதுமை. இங்கிலாந்தின் கோதுமை வயல்களுக்கும் தேணிப்பு வயல்களுக்கும் பசிபிக் கடலின் பாறைத் தீவுகளிலிருந்து எரு சென்றது. லண்டனைச் சேர்ந்த அந்தனி கிப்ஸ் வாணிக நிறுவனம் 1842 முதல் 1861 வரை இவ்வாணிகத்தில் முதன்மை பெற்றிருந்தது. 1858 ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானியா ஏறக்குறைய 3 இலட்சம் தொன் பேருக் குவானோவை இறக்குமதி செய்தது. ஐக்கிய அமெரிக்காவும் இதனை நாடிற்று. குவானோ உள்ள ஆளில்லாத் தீவுகளை அமெரிக்கக் குடிமக்கள் தம் நாட்டின் பெயரால் உரிமைகொள்ள இடமளிக்கும் சட்டமொன்றை அதன் காங்கிரசு 1856 ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. பறவையின் எச்சத்திற்காக ஒரு வல்லரசு சட்டம் இயற்றியதென்றால், அக்கால உழவின் பசி எத்துணைத்தென்பது புலனாகும்.

பேரு அரசு குவானோவைத் தனக்கே உரியதாக்கி, வாணிகருக்கு ஒப்பந்த முறையில் அளித்தது. அரச வருவாயிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு சில ஆண்டுகளில் இதிலிருந்தே வந்தது. அவ்வருவாயால் நன்மை விளையாமலில்லை. சனாதிபதி ரமோன் கஸ்தில்யா 1854 ஆம் ஆண்டில் அடிமை முறையையும், பழங்குடி மக்கள் செலுத்தி வந்த தலைவரியையும் ஒழித்தபோது, அச்செயலுக்குப் பொருள்வலி அளித்தது குவானோப் பணமே. எனினும் அடிமை உரிமையாளர் பெற்ற இழப்பீடும் அரசாங்கக் கடன் மீட்பும் சிலரைப் பெருஞ்செல்வராக்கினவேயன்றி நாட்டில் உற்பத்தித் தொழிலைப் பெருக்கவில்லை. வருங்காலக் குவானோவை ஈடாக வைத்து வெளிநாடுகளிற் கடன் பெறும் வழக்கமும் வளர்ந்தது. 1869 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுத் திரைபுஸ் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின் பின்னர் அக்கடன் மலைபோல் ஏறியது. அந்தீசு மலையை ஊடறுத்துச் செல்லும் வியத்தகு புகையிரதப் பாதைகள் அக்கடனைக் கொண்டே அமைக்கப்படலாயின.

ஒரு தரப்பு அடிமைத் தளையினின்றும் நீங்கிய அதே காலத்தில், இன்னொரு தரப்பு வேறொரு தளையிற் சிக்கிற்று. 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ 90,000 முதல் 1,00,000 வரையான சீனர் ஒப்பந்தக் கூலிகளாகப் பேருவுக்குக் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒரு பகுதியினர் குவானோத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். நன்னீரும் நிழலும் அற்ற அப்பாறைகளில், கண்ணையும் மூச்சையும் எரிக்கும் அமோனியாத் தூசியின் நடுவே, அவர்கள் எருவை வெட்டிக் கப்பல்களிற் கொட்டினர். துன்பம் பொறாது கடலிற் பாய்ந்து மாண்டோர் பலர். இங்கிலாந்தின் வயல்களில் விளைந்த செழிப்பின் விலையிலே இவ்வுயிர்கள் கணக்கிடப்படவில்லை. இயற்கை முதற்பொருளைக் கணக்கில் எழுதாத பேரேடு மனித உயிரையும் கணக்கில் எழுதாது விட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

குவானோ சென்றடைந்த இடத்திலும் சுழற்சி முற்றுப் பெறவில்லை. வயலின் விளைவு நகரத்திற்குச் சென்றது. நகர மக்கள் உண்டதன் கழிவு ஆற்றிற் சென்றது. 1858 ஆம் ஆண்டிலே தேம்சு நதியின் நாற்றம் தாங்கமாட்டாது பாராளுமன்றமே தத்தளித்தது. அதன் பின்னர் பொறியியலாளர் பசல்கெற்று பெரிய வடிகால்களை அமைத்து அக்கழிவை நகருக்குக் கீழே, கடல் நோக்கிச் செல்லுமாறு செய்தார். நோய்த்தடுப்பு நோக்கில் அது பெரும் பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் மண்ணின் கண் கொண்டு நோக்கிய லீபிக் இதனைக் கண்டித்தார். தொலைதூரத் தீவிலிருந்து விலை கொடுத்து வாங்கிய சத்தை மீண்டும் கடலிற் கொட்டுதல் மண்ணைக் கொள்ளையிடுதலேயாகும் என்பது அவர்தம் கொள்கை. லண்டன் நகரக் கழிவுநீரைப் பயிர்த்தொழிலுக்குப் பயன்படுத்துமாறு 1865 ஆம் ஆண்டில் அந்நகர முதல்வருக்கு அவர் கடிதங்களும் எழுதினார். பிரான்சின் எழுத்தாளர் விக்தர் ஹியூகோவும் 1862 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநாவலிற் பாரிஸ் நகரின் கழிவு வீணாதலைப் பற்றிச் சில அத்தியாயங்களில் விரித்துரைத்தார். ஆயினும் குவானோ மலிவாகக் கிடைத்த காலத்தில் இத்தகைய குரல்களுக்குச் செவிசாய்ப்பார் இலர்.

1870 களின் முற்பகுதியிற் சிஞ்சாத் தீவுகளின் படிவு ஏறக்குறைய முடிவுற்றது. ஆயிரக் கணக்கான ஆண்டுகளின் சேமிப்பு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளிற் செலவாயிற்று. 1840 முதல் 1880 வரை பேருவினின்றும் ஏற்றுமதியான குவானோ ஒரு கோடித் தொன்னுக்கு மேற்பட்டது. 1876 ஆம் ஆண்டிற் பேரு அரசு தன் வெளிநாட்டுக் கடனுக்குரிய கொடுப்பனவை நிறுத்தியது. குவானோவிற்கு மாற்றாக எழுந்த வெடியுப்புப் படிவுகளை முன்னிட்டுச் சிலி ஒரு புறமும், பேருவும் பொலிவியாவும் மறுபுறமுமாக 1879 ஆம் ஆண்டிற் போர் மூண்டது. போரின் முடிவிற் பேரு தன் தரப்பாக்கா மாகாணத்தைச் சிலிக்கு இழந்தது. பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்து நிலஞ்சூழ் நாடாயிற்று. 1890 ஆம் ஆண்டளவிற் பேருவின் புகையிரதப் பாதைகள் 66 ஆண்டுக் காலத்திற்கு வெளிநாட்டுக் கடன்காரர் கையிற் சென்றன. முதற்பொருளை விற்றுப் பெற்ற உடைமையும் இவ்வாறு கைநழுவியது.

இந்த இழிநிலையினின்றும் ஒரு பாடம் கற்றவரும் பேருவினரே. 1909 ஆம் ஆண்டிற் குவானோ நிருவாகக் கொம்பனி நிறுவப்பட்டது. பறவைகளின் வாழ்வை ஆராய்தற்கு ரொபேட் கோக்கர் என்னும் அமெரிக்க உயிரியலறிஞர் முன்னரே அழைக்கப்பட்டிருந்தார். தீவுகளுக்குக் காவலர் நியமிக்கப்பட்டனர். குஞ்சு பொரிக்கும் காலத்திற் பறவைகளுக்கு இடையூறு செய்தல் தடுக்கப்பட்டது. தீவுகள் முறைவைத்து மூடப்பட்டு, புதிய படிவு சேர்ந்த பின்னரே எரு எடுக்கப்பட்டது. கிடைத்த எரு பெரும்பாலும் உள்நாட்டுக் கரையோரப் பண்ணைகளுக்கே வழங்கப்பட்டது. பிற்காலத்தில் நிலத்தோடு ஒட்டிய கடல்முனைகளிலும் மதில் எழுப்பி, நரி முதலியன புகாது தடுத்துப் பறவைகளுக்குப் புதிய குடியிருப்புக்கள் அளிக்கப்பட்டன. இதன் பயனாகப் பறவைகள் பெருகின. 1950 களின் நடுப்பகுதியில் அவற்றின் தொகை இரண்டு கோடிக்கு மேற்பட்டதென மதிப்பிடப்பட்டது. ஆண்டு விளைவும் 3 இலட்சம் தொன்னைத் தாண்டியது. இன்காக் காலத்து நெறி, விஞ்ஞானத்தின் துணையோடு மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

எனினும் இவ்வேற்பாட்டிலும் ஒரு குறை இருந்தது. எரு தரும் பறவையே பெறுமதியுடையது, ஏனைய உயிர்கள் அதற்குப் பகை அல்லது பயனற்றவை என்னும் நோக்கு அங்கு நிலவியது. முட்டையையும் குஞ்சையும் உண்ணும் கொண்டோர்க் கழுகு முதலியவற்றைக் காவலர் கொன்றனர். 1939 முதல் 1942 வரை கொம்பனியின் பணியில் இருந்த வில்லியம் வோக்ட் என்னும் அமெரிக்கப் பறவையியலறிஞர் அவ்விடயத்தை அகன்ற நோக்கில் ஆராய்ந்தார். சில ஆண்டுகளிற் கரையோரக் கடல் வெப்பமுற, நெத்தலி மீன் மறைய, பறவைகள் பெருந்தொகையாக மடியும் எல் நீனோ நிகழ்ச்சியை அவர் கண்கூடாகக் கண்டார். பறவைகளின் தொகையை இறுதியில் வரையறுப்பது தீவன்று, கடலே என்பது அவர் முடிபு. ஒவ்வொரு சூழலுக்கும் தாங்கும் எல்லையுண்டு என்னும் அக்கருத்தை உலகம் முழுவதற்கும் விரித்து, 1948 ஆம் ஆண்டில் 'உயிர்த்தப்பும் வழி' என்னும் பொருள்படும் நூலொன்றையும் அவர் எழுதினார்.

வோக்ட் கண்ட உண்மையை அடுத்த தலைமுறை கடுமையாக உணர்ந்தது. 1950 களிற் பேருவின் துறைமுகங்களில் மீன்மா ஆலைகள் எழுந்தன. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோழிக்கும் பன்றிக்கும் தீனியாக மீன்மா வேண்டப்பட்டது. பறவையின் வாயிற் செல்லும் நெத்தலியைப் பிடித்து நேரே விற்றாற் பன்மடங்கு வருவாய் உண்டு என்று கணக்கிடப்பட்டது. குவானோக் கொம்பனி எதிர்த்தும் பயனில்லை. 1960 களிற் பிடிக்கப்படும் மீனின் நிறையிற் பேரு உலகின் முதலிடத்தை அடைந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 95 இலட்சம் தொன்னுக்கு மேற் பிடித்தல் தகாது என அறிஞர் கூறியிருக்கவும், 1970 ஆம் ஆண்டில் 120 இலட்சம் தொன்னுக்கு மேற் பிடிக்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டில் எல் நீனோ வந்தது. 1973 ஆம் ஆண்டில் நெத்தலிப் பிடிப்பு ஏறக்குறைய 20 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. 1965 ஆம் ஆண்டின் எல் நீனோவால் ஏற்கனவே ஏறத்தாழ 40 இலட்சமாகக் குறைந்திருந்த பறவைகள் பழைய பெருக்கத்தை மீண்டும் எய்தவேயில்லை.

மீன்பிடி பிற்காலத்திற் கட்டுப்பாடுகளோடு மீண்டெழுந்தது. 2009 ஆம் ஆண்டின் இறுதியிற் குவானோத் தீவுகளும் கடல்முனைகளும் தேசிய ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டன. 2022 ஆம் ஆண்டின் இறுதியிற் பரவிய பறவைக் காய்ச்சலால் இலட்சக் கணக்கான கடற்பறவைகள் மடிந்தமை, எஞ்சியிருக்கும் செல்வமும் எத்துணை மெல்லியது என்பதைக் காட்டிற்று.

குவானோவின் இடத்தை உலகச் சந்தையில் நிரப்பியது செயற்கை உரம். 1898 ஆம் ஆண்டிற் சர் வில்லியம் குரூக்சு என்னும் அறிஞர் உலகின் கோதுமை விளைவு நைதரசப் பஞ்சத்தால் தடைப்படும் என எச்சரித்து, வளியிலுள்ள நைதரசனைப் பயன்படுத்தும் வழியை இரசாயன அறிஞர் காணல் வேண்டும் என்றார். பிரிட்சு ஹாபர் 1909 ஆம் ஆண்டில் அவ்வழியைக் கண்டார். கார்ல் பொஷ் 1913 ஆம் ஆண்டில் அதனை ஆலைத் தொழிலாக்கினார். இன்று உலக மக்களிற் பெரும்பகுதியினரின் உணவு அம்முறையைச் சார்ந்துள்ளது. ஆயினும் அதுவும் நிலவாயு முதலிய மீளாப் பொருள்களை எரித்தே நடைபெறுகின்றது. மிஞ்சிய நைதரசன் நீரிற் சென்று சேருகின்றது.

இவ்விரு பக்கங்களையும் இலங்கை தன் அனுபவத்திலேயே கண்டுள்ளது. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, மாற்றெருவுக்கு ஆயத்தமில்லாத உழவர் அல்லற்பட்டனர். நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே தடை நீக்கப்பட்டது. மறுபுறம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலே தோட்டங்களுக்கு இடும் உரத்தின் எச்சம் கிணற்று நீரில் நைத்திரேற்றாகக் கலந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆடு மாடுகளைத் தோட்டத்திற் பட்டியடைத்தலும், குழை தாழ்த்தலும், பனையோலை புதைத்தலும் இந்நிலத்தின் பழைய வழக்கங்கள். அவை மட்டுமே இன்றைய மக்கட்டொகைக்குப் போதா என்பது உண்மையாயினும், அவற்றின் அடியில் அமைந்த நெறி பழையதாயிற்று என்று தள்ளத்தக்கதன்று.

பேருவின் வரலாறு மூன்று உண்மைகளைத் தெளிவுறுத்துகின்றது. முதலாவது, ஓர் அரசு தன் வருவாயில் எவ்வளவு விளைவினின்றும் வந்தது, எவ்வளவு சேமிப்பை விற்றதால் வந்தது என்று பிரித்தறியாவிடின், செழிப்பெனக் காணப்படுவது உண்மையில் அழிவாகவும் இருத்தல் கூடும். இரண்டாவது, சங்கிலியின் ஒரு கண்ணியைக் காத்தல் போதாது. பறவையைக் காத்த பேரு, பறவையின் இரையைக் காவாதமையால் பறவையையும் இழந்தது. உயிர்ப்பல்வகைமை என்பது அழகிற்காகவோ இரக்கத்திற்காகவோ மட்டும் போற்றப்படுவதன்று. ஓருயிரின் வாழ்வு பிறிதோருயிரின் முதலாய் இருத்தலின் போற்றப்படுவது. மூன்றாவது, எடுத்தது மீளாத வாணிகம் எடுத்த இடத்தையும் வறிதாக்கும், கொண்டுபோய்க் கொட்டிய இடத்தையும் மாசாக்கும். சிஞ்சாத் தீவுகள் வெறும் பாறையானதும், தேம்சு நதி நாற்றமெடுத்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்த ஒரே கதையின் இரு முனைகளாம். இவ்வுண்மைகளை இன்காக்கள் தண்டனையால் நிலைநிறுத்தினர். கொம்பனி காவலரால் நிலைநிறுத்தியது. குடியாட்சியில் வாழும் மக்கள் அவற்றைக் கல்வியாலும் சட்டத்தாலும் தாமே நிலைநிறுத்துதல் வேண்டும்.